வெள்ளை, வெள்ளையா இல்ல

மாடியிலிருந்து "ஏம்மா, ஒரு நிமிஷம் மேல வந்துட்டுப் போ" என்று குரல் வந்தால், நான் முதலில் அடுப்பை அணைத்துவிடுவேன். அந்த ஒரு நிமிஷம் என்றைக்கும் ஒரு நிமிஷமாக இருந்ததில்லை. மேலே போனால் வீட்டு ஓனர் எதையாவது புதிதாக வாங்கி வைத்திருப்பார், இல்லாவிட்டால் இருந்ததை மாற்றியிருப்பார். நம்மை அதன் முன்னால் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்பார்.

"வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது சார்."

"சும்மனே சொல்லாத. நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாவே தெரியுது சார்."

இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். முகம் மலர்ந்துவிடும். பெங்களூர் அல்சூரில் அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ வித்தியாசங்களுக்கு நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூட என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. இத்தனைக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. நேற்றைய திரைக்கும் இன்றைய திரைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளமே தருகிறார்கள். ஆனால் கேட்பவர் ஓனர். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, கோடையிலும் குழாயில் தண்ணீர் வருகிற வீட்டுக்கு நான் எங்கே போவேன்?

அவர் மாநில அரசின் எடை அளவு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடுகிற வேலை. மார்க்கெட்டுக்குள் அவர் நுழைந்தால் கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம். இதை அவரே சொன்னார். கடைக்காரர்களிடம் கன்னடத்தில் சண்டை போடுவார், வீட்டில் தமிழில் சண்டை போடுவார், டெலிபோனில் வருகிறவர்களிடம் இங்கிலீஷில் சண்டை போடுவார். மூன்றிலும் விஷயம் ஒன்றுதான். எதிராளிக்குத் தெரியாத ஒரு வித்தியாசம் தனக்குத் தெரிந்துவிட்டது என்பது.

ஒருநாள் என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து ஆளுக்கு இரண்டு தம்ளர் காபி கொடுத்தார். ஒன்று பழைய பொடி, இன்னொன்று அவர் புதிதாக அரைத்து வாங்கி வந்த பொடி. நாங்கள் குடிப்பதற்குள் அவரே இரண்டையும் ஒரு வாய் குடித்துவிட்டு, "ரெண்டாவது தொண்டையில நிக்குது பாரு, அதான் வித்தியாசம்" என்றார். என் வீட்டுக்காரர் நிக்குது நிக்குது என்று தொண்டையைத் தடவிக் காட்டினார். டபராவை எடுக்க வந்த ஆன்ட்டி என் காதோரம் குனிந்து சொன்னார்.

"புதுப் பொடிய இன்னும் பிரிக்கவே இல்லம்மா. ரெண்டும் ஒரே டிகாக்‌ஷன்."

ஆன்ட்டி என்றால் அவருடைய மனைவி. அந்த வீட்டில் உண்மையாகவே கண் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

நாங்கள் குடிபோன மறுவருஷத்திலிருந்து அவருடைய வித்தியாசங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போக ஆரம்பித்தன. வெள்ளை வெள்ளையாக இல்லை என்றார். பால்காரர் மாட்டுக்கு என்னமோ போடுகிறார், பால் மஞ்சளாக வருகிறது என்றார். இஸ்திரி போடுகிறவர் வேட்டியைத் தீய்த்துவிட்டார் என்று தெருவில் வைத்துப் பிரித்துக் காட்டினார். அந்த மனிதர் வேட்டியை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கடைசியில் தன் கண்ணையே கசக்கிக்கொண்டு போனார். பிறகு கூடத்துச் சுவர். போன பொங்கலுக்கு அடித்த வெள்ளையின்மேல் மறுபடியும் வெள்ளை அடிக்கச் சொன்னார். பெயின்டர் ஒரு மூலையில் அடித்துவிட்டு, அடித்தது எது அடிக்காதது எது என்று தெரியாமல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு அடித்தார். வேலை முடிந்ததும் வழக்கம்போல ஓனர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். தெரியுது சார் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினோம்.

"கண்ணுல பொரை விழுந்திருக்கும்மா," என்று ஆன்ட்டி அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். "ரெண்டு கண்ணுலயும். கோயில் மண்டபத்துல கண் டெஸ்ட் பண்றாங்கன்னு இழுத்துட்டுப் போனேன். போர்டுல கடைசி ரெண்டு வரி படிங்கன்னா, இங்க் கம்மி, பிரிண்டிங் மிஸ்டேக்குங்கறாரு. அந்தப் பொண்ணு டார்ச் அடிச்சுப் பாத்து ஆபரேஷன் பண்ணணும் சார்னு சொல்லுது. இவரு, இந்த டார்ச்சுக்கு முத்திரை போட்டிருக்கான்னு கேக்கறாரு. நான் எங்க போயி முட்டிக்கிறது?"

"பயமா இருக்குமோ என்னவோ ஆன்ட்டி."

"பயந்தான். கண்ணுல கத்தி வைக்கிறதான்னு தூக்கத்துல பேசறாரு. பகல்ல கேட்டா, என் கண்ணு தராசு முள்ளு மாதிரின்னு சொல்றாரு."

அவர் காபியைப் பற்றித் தப்பாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்த மனிதர் தினமும் காலையில் ஸ்கூட்டர் எடுப்பார். பின்னால் ஆன்ட்டி காய்கறிப் பையோடு உட்காருவார். வண்டி கிளம்பியதிலிருந்து ஆன்ட்டி வாயை மூடமாட்டார். "நாய்... நாய்ங்கறேன்... பஸ்ஸு திரும்புது... ஹம்ப்பு வருது, மெதுவா... ரெட்டு விழுந்துடுச்சு... இருங்க, இன்னும் ரெட்டுதான்... இப்ப கிரீன், போங்க." அவர் அதற்கெல்லாம் சரியாக பிரேக் போட்டு, சரியாகத் திரும்பி, வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் எங்களிடம் குறைப்படுவார்.

"இவளுக்குப் பேசாம வரவே தெரியாதும்மா. தலைவலி."

ஒருநாள் ஆன்ட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்கு மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தள்ளுவண்டியில் மோதி, இரண்டு பேரும் கீழே விழுந்தார்கள். ஆன்ட்டிக்கு முழங்கையில் தையல். தள்ளுவண்டியை அங்கே நிறுத்தியது தப்பு என்று அவர் மூன்று பாஷையிலும் நிரூபித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனிதர் கண்ணை எப்படியோ வைத்துக்கொள்ளட்டும், அந்த அம்மாளைக் கொன்றுவிடப் போகிறாரே. வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு ஆன்ட்டி ஃபோன் போட்டு அழுதார். மகன் அப்பாவிடம் பேசினான். அப்பா அவனிடம், கண்ணெல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது, கம்ப்யூட்டர் ஸ்கிரீன்தான் மஞ்சளாகிவிட்டது என்றார். அடுத்த வாரம் ஒரு பெரிய மானிட்டர் வந்து இறங்கியது.

"கண்ணுக்கு வைத்தியம் கேட்டா டி.வி. சைஸுக்குக் கண்ணாடி அனுப்பறான்," என்றார் ஆன்ட்டி.

அவருக்குக் கம்ப்யூட்டரில் ஒரே வேலைதான். அல்சூர் கோயிலில் பூப்பல்லக்கு நடக்கும்போது விடிய விடிய நின்று வீடியோ எடுப்பார். பிறகு வருஷம் முழுக்க அதை வெட்டி ஒட்டி, நாதஸ்வரம் சேர்த்து, உறவுக்காரர்களுக்கு எல்லாம் அனுப்புவார். அந்த வருஷத்துப் பல்லக்கு புது மானிட்டரிலும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. மானிட்டரையும் சி.பி.யு.வையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, மானிட்டர் நன்றாக இருக்கிறது, இவ்வளவு பெரிய மானிட்டருக்குப் படம் அனுப்ப உங்கள் பழைய கிராபிக்ஸ் கார்டு பத்தாது, அதை மாற்றினால் படம் தெளிவாகும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் பார்த்தது கம்ப்யூட்டரை மட்டும்தானே.

அன்று சாயங்காலம் எங்கள் ஓனர் புது மனிதராக வந்தார். "பாத்தியாம்மா? குறை எதுல இருக்குதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. கார்டு. இவ என்னடான்னா கண்ணு கண்ணுன்னு உயிரை வாங்கினா."

கார்டு வாங்கினார். அது நீளமாக இருந்ததால் பழைய சி.பி.யு. டப்பாவுக்குள் போகவில்லை. டப்பாவை மாற்றினார். கார்டு நிறைய கரண்ட் இழுக்கும் என்றார்கள். பவர் சப்ளையை மாற்றினார். மாட்டிக்கொடுக்க ஒரு டெக்னீஷியன் வந்தபோது சரியாக ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

"சார், ஒரு தடவ ஆன் பண்ணிக் காட்டிட்டுப் போயிடறேன்."

"பூஜை போடாம ஆன் பண்றதா? நீ புது வண்டி வாங்கினா மாலை போடாம ஓட்டுவியாப்பா?"

அந்த ஆள் யோசித்துப் பார்த்தார். பெங்களூரில் இதற்கு மறுபேச்சு கிடையாது. "சரி சார், நாளைக்கு பூஜை ஆனதும் இந்தக் கேபிளை இந்த ஓட்டையில மாட்டிடுங்க" என்று காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த வீட்டில் நடந்த ஆயுத பூஜையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஸ்கூட்டருக்கு ஒரு மாலை, மிக்ஸிக்கு ஒரு பொட்டு, அரிவாள்மணைக்கு ஒரு பொட்டு என்று ஆன்ட்டி சீக்கிரம் முடித்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஓனரே இறங்கினார். சி.பி.யு.வின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். மானிட்டருக்குச் சாமந்தி மாலை. கார்டு உள்ளே இருக்கிறதே, அதற்கு எப்படிப் பொட்டு வைப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. பின்பக்கம் குனிந்து தடவிப் பார்த்து, வெளியே தெரிகிற தகட்டைக் கண்டுபிடித்தார். "இதாம்மா அதோட மொகம்" என்று சொல்லி, கிண்ணத்திலிருந்த சந்தனத்தை வழித்து அப்பினார். நடுவில் குங்குமம். முகத்தில் எது நெற்றி எது வாய் என்று அவருக்குத் தெரியவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை.

அதோடு விட்டாரா? வண்டிக்கெல்லாம் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, கம்ப்யூட்டர் மேஜைக்கும் சக்கரம் இருக்கிறதே என்றார். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தார். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "சாமியே" என்று ஒரு தள்ளு. மூன்று பழம் நசுங்கியது, நாலாவது நழுவி ஓடியது. மேஜை ஒரு பக்கமாகச் சாய, மாலையும் கழுத்துமாக அந்தப் பெரிய மானிட்டர் என் வீட்டுக்காரர் மார்பில் வந்து விழுந்தது. அவர் அதைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். ஆன்ட்டி கற்பூரத் தட்டோடு வந்தவர், சாமி, மானிட்டர், என் வீட்டுக்காரர் மூவருக்கும் சேர்த்து ஆரத்தி காட்டினார்.

பிறகு ஓனர் மேஜைக்குப் பின்னால் போய்க் கேபிளோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். "புதுசு, டைட்டா இருக்குது" என்று குரல் மட்டும் வந்தது. கடைசியில் படம் வந்துவிட்டது. டப்பாவுக்குள் சிவப்பு விளக்கு எரிந்து, காற்றாடி சுற்றியது. அன்று முழுக்க எல்லாருக்கும் தரிசனம். இஸ்திரிக்காரர், பால்காரர், எதிர் வீட்டுக் குடும்பம், ஜீவனஹள்ளியிலிருந்து வந்த ஆன்ட்டியின் தங்கை என்று ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துக் கேட்டார். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு யார் இல்லை என்று சொல்லுவார்கள்? எல்லாருக்கும் வித்தியாசம் தெரிந்தது. இஸ்திரிக்காரருக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தெரிந்தது.

நாலு வாரம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு மாடியிலிருந்து மறுபடி குரல்.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவதானே? மஞ்சள் திரும்ப வந்துடுச்சும்மா. மானிட்டர்தான் டிஃபெக்ட். ரிட்டர்ன் பண்ணணும், எழுதிக் குடு."

எழுதுவதற்கு முன்னால் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று நான் மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கேபிள் புது கார்டில் இல்லை. அதற்கு மேலே, கம்ப்யூட்டரோடு பிறந்த சாதாரண ஓட்டை ஒன்று அதே வடிவத்தில் இருக்கிறது, அதில் மாட்டியிருந்தது. படம் கார்டு வழியாக வரவே இல்லை. அவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்த கார்டு பூஜை ஆன நாளிலிருந்து சும்மா உட்கார்ந்து விளக்கு எரித்துக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் காட்டின ஓட்டை முழுக்கச் சந்தனம் காய்ந்து கல்லாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை வருஷமாக இல்லாத வித்தியாசத்தை எல்லாம் தெரியுது என்று சொன்னவள், இன்றைக்கு ஒரு நிஜமான வித்தியாசத்தை அவருக்குக் காட்டப்போகிறேன். சுவிட்சை அணைத்தேன். ஆன்ட்டியிடம் பல் குத்தும் குச்சி வாங்கிச் சந்தனத்தைப் பொடிப்பொடியாக எடுத்தேன். கேபிளைக் கார்டில் மாட்டி, திரும்ப ஆன் செய்து, பல்லக்கு வீடியோவை ஓடவிட்டேன்.

என்னமாய் இருந்தது! அதுவரை குழைந்து கிடந்த பல்லக்கு பூப்பூவாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு மொட்டின் காம்பும் தெரிந்தது. வெள்ளை அப்படி ஒரு வெள்ளை. சமையலறை வாசலில் நின்றிருந்த ஆன்ட்டி கரண்டியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, எப்படி இருக்குது பாரும்மா!"

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். "சார், இப்பப் பாருங்க."

அவர் மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தார். பின்னால் வந்து பார்த்தார்.

"என்னம்மா பண்ணின? ஒண்ணும் மாறலையே."

பின்னால் கட்டிய கைகளை நான் எடுத்துவிட்டேன். ஆன்ட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மானிட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என்ன பூ, சொல்லுங்க."

"ஏன், சாமந்தி."

"மல்லி," என்றார் ஆன்ட்டி. "அத்தனையும் மல்லி. உங்க கண்ணுக்காக வேண்டிக்கிட்டு இந்த வருஷம் பல்லக்குக்கு நான் குடுத்த மல்லி. சாமிக்குப் போட்டதே உங்களுக்குத் தெரியல. என்னை என்னத்துக்குப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறீங்க?"

அவர் ஆன்ட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஸ்கூட்டர் சாவி இருந்தது. என்னிடம் நீட்டினார்.

"கீழ உங்க வீட்டுலயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

அடுத்த வாரம் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. தியேட்டருக்குள் போகும்வரை ஆன்ட்டியின் கையை அவர் விடவில்லையாம். மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் முன்னாலேயே மேலே போய், மானிட்டரில் பல்லக்கை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன். அந்த மல்லியை அவர் பார்க்கிறபோது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சொட்டு மருந்து விடுகிற நேரம் என்று ஆன்ட்டி அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாந்து பாருங்க."

அண்ணாந்து பார்த்தார். மேலே குனிந்திருந்த ஆன்ட்டியின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏய், உனக்கு எப்ப இப்படி முடியெல்லாம் நரைச்சுது?"

"இப்பதான்," என்றார் ஆன்ட்டி. "ஆட்டோல வரும்போது."

நான் குபீரென்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துப் புட்டி இருந்த கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு, அந்தப் புதுக் கண்ணால் ஆன்ட்டியின் நெற்றியை, கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கறுப்பை, முழங்கைத் தழும்பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மானிட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. உதடு கோணிக்கொண்டு வந்தது.

"அழுது தொலைக்காதீங்க," என்றார் ஆன்ட்டி. "கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பியிருக்காரு."

சொல்லிக்கொண்டே தன் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டதில் முதல் சொட்டு ஓனர் மூக்கின்மேல் விழுந்தது.